நடவடிக்கைக் குறிப்பு

ஆறு மணிப் பூசையில் வைத்த நீறு
கத்திவாக்கம் பஸ் நிறுத்தம் வரைக்கும் நெற்றியில் இருந்தது.
பஸ் ஏறுமுன் கைக்குட்டையால் நானே துடைத்தேன்.
யாரும் துடைக்கச் சொல்லவில்லை.
சட்டத்தில் தடையில்லை, சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.
இந்த நாடு எனக்குக் கொடுத்த சுதந்திரத்தில்
ஒரு விரலளவை, எவரும் கேட்குமுன்னே,
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எர்ணாவூர் கல்யாண மண்டபம். கருத்துக் கேட்புக் கூட்டம்.
மேடைச் சுவரில் முந்தாநாள் மணமக்களின் தெர்மாகோல் பெயர்கள்
பாதி பிய்ந்து, ஓர் இதயம் மட்டும் மிச்சம்.
சாம்பல் குட்டைக்கு இன்னும் நூற்றுப்பத்து ஏக்கர் வேண்டுமாம்.
வரைபடத்தில் கழிமுகத்துக்குப் பழுப்பு நிறம் அடித்து
தரிசு என்று எழுதியிருந்தார்கள்.
மேடைக்குக் கீழே நான், சுருக்கெழுத்து நோட்டோடு.

போன ஞாயிறு பங்குப் பேரவையில் கஸ்பார் கேட்டான்:
கூட்டத் தேதியைப் பூசை முடிவில் அறிவிக்கலாமா?
கோயிலுக்குள் அரசியல் வேண்டாம் என்றார் பொருளாளர்.
சென்ற தேர்தலில் மூன்று கட்சிக்காரருக்கும்
பீடத்தருகே சால்வை போர்த்தியவர் அவர்தான்.
அங்கேயும் குறிப்பெடுத்தது நான்.
"எட்டாவது பொருள்: விவாதிக்கப்படவில்லை."

அறிவிக்காமலே வந்துவிட்டார்கள்.
காட்டுக்குப்பத்துப் பெண்கள்,
முழங்காலுக்கு மேல்வரை ஈரச்சேலை,
முப்பது நெற்றியில் கறுத்த சிலுவை, வியர்வையில் வழிந்து.
இறால் கூடைகளை வெளியே வைக்கச் சொன்னார் காவலர்.

முதலில் தேசிங்கு. அவர் நெற்றியிலும் நீறு,
வேறு கோயில், மூன்று கோடு.
முகத்துவாரம் தூர்ந்த கதையை வருடம் வருடமாகச் சொன்னார்.
மைக் இரண்டு முறை அணைந்தது.

பிறகு தெக்கலா.
மைக்கைக் கொடுவாயின் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.
"ஐயா, வருசத்துல ஒரு நாளு
சாமியாரு சாம்பல வச்சி, நீ மண்ணுதான்னு சொல்றாரு.
சரிங்கிறோம். அது கடவுள் சொல்றது.
மீதி முந்நூத்தி அறுவத்தி நாலு நாளும்
புள்ள தூங்குற பாயில, சோத்துல, நண்டு செவுள்ல
வச்சிக்கினே இருக்கீங்களே,
நீங்க யாரு?"

மண்டபம் சிரித்தது. அப்புறம் சிரிக்கவில்லை.
கம்பெனி அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து,
குடிக்காமல் மூடினார்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு கதை கேட்டிருக்கிறேன்.
அரண்மனையை ஒட்டி ஒருவனுடைய திராட்சைத் தோட்டம்.
ராஜா கேட்டான். பாட்டன் சொத்து, தரமாட்டேன் என்றான் அவன்.
முத்திரை வைத்த கடிதம் போயிற்று,
பொய்ச்சாட்சி இரண்டு வந்தது,
கல்லெறிந்தது உள்பட எல்லாம் முறைப்படி நடந்தது.
ராஜாவின் மேல் கோபம் வந்தது எனக்கு, ராணியின் மேல் இன்னும் அதிகம்.
கடிதத்தைப் படியெடுத்த எழுத்தர் யாரென்று
கேட்கவே தோன்றவில்லை.
அவனுக்கும் மாதச் சம்பளம் இருந்திருக்கும்.

மாலை, அலுவலகம். திரையில் மாதிரிப் படிவம் காத்திருந்தது:
"சில ஐயங்கள் எழுப்பப்பட்டன. உரிய விளக்கம் அளிக்கப்பட்டது."
ஏழு மணிக்குள்ள அனுப்பிடுங்க ஃபெலிசிட்டா, என்றார் கண்காணிப்பாளர்.
கெட்டவர் இல்லை. மகளுக்கு மறுநாள் பரீட்சை.

பத்தி முப்பத்தொன்று என்று தட்டினேன்.
தெக்கலா, வயது 47, காட்டுக்குப்பம்.
கேட்டது: நீங்க யாரு?
விளக்கம்: அளிக்கப்படவில்லை.

அவர் அழிக்கலாம். அவருக்கு மேலே இருப்பவர் அழிக்கலாம்.
தைரியம் என்று இதற்குப் பெயர் வைக்கமாட்டேன்;
பிரதி ஒன்று எடுத்து வைக்கவும் பயமாக இருந்தது.
கழுவும் தொட்டியில் கை நீட்டினேன்,
எவனோ ஓர் ஆளுநர் நினைவுக்கு வந்தான்,
குழாயை மூடிவிட்டேன்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
பஸ் ஒரு மணி நேரம் நின்றது.
ஜன்னல் ஓரம், கண் எரிச்சல்.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்: நரநரவென்று ஏதோ.
காலையில் துடைத்ததன் மிச்சமோ,
குழாய்ப்புகையில் வந்ததோ.
கைக்குட்டை பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.